வீடு தள்ளிப் போச்சு

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனைத் தெரிந்த கோவில்பட்டிப் பெரியவர்களுக்கும், அண்ணனின் ஒரே தங்கை வணக்கம் சொல்லி எழுதுகிறேன்.

அண்ணன் நம்மை விட்டுப் போய் இந்தப் புரட்டாசியோடு ஒரு வருசம் ஆகிறது. நினைவு மலர் போடப் போகிறோம், அத்தைதான் எழுத வேண்டும் என்று என் மருமகன், அதாவது அண்ணன் மகன், ஓசூரிலிருந்து போனில் சொன்னான். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. கல்யாண வீட்டில்கூட நாலு பேர் முன்னால் வர மாட்டேன், அடுப்படியில்தான் இருப்பேன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். “எனக்கு என்னய்யா எழுத வரும்?” என்று கேட்டேன். “நீங்க அப்பாகூட இருந்தத எழுதுங்க அத்தை. எங்களுக்கு அவிய பாதி நாளும் போன்லதான இருந்தாவ” என்றான். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது எட்டயபுரத்துக்கும் கடம்பூருக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். எங்களைப் பெற்ற ஐயாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், ஆடு கொஞ்சம். மழை பெய்த வருசம் பருத்தியும் உளுந்தும் வீட்டுக்கு வரும். பெய்யாத வருசம் ஆடுதான் கஞ்சி ஊற்றும். எங்களுக்கு நடுவில் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அண்ணனும் நானும்தான். கோடையில் எங்கள் பக்கம் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஆட்டுக்குட்டியின் கால் வெடிப்புக்குள் போய் மாட்டிக்கொள்ளும். “இழுலே, பொழுது போகுது” என்று ஐயா சத்தம் போடுவார்கள். அண்ணன் இழுக்க மாட்டார்கள். குட்டியை மடியில் சாய்த்துக்கொண்டு, சுற்றியிருக்கிற மண்ணைக் கையால் நோண்டி நோண்டி, கால் நோகாமல் எடுப்பார்கள். அந்தப் பொறுமை அவர்களுக்குக் கடைசிவரை இருந்தது. இரும்பு வேலை செய்தவர்களின் கை என்று சொன்னால் நம்ப முடியாது, அவ்வளவு மெதுவான கை.

மழை சேர்ந்தாற்போலப் பொய்த்ததும் ஐயா ஆட்டை விற்றார்கள். எல்லாரும் கோவில்பட்டிக்கு வந்தோம். அம்மாவும் அண்ணனும் தீப்பெட்டி ஆபீசில் சேர்ந்தார்கள். அந்த மருந்து வாடை அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இரைத்தது. அதற்குப் பிறகு பஜாரில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற வேலைக்குப் போனார்கள். கடையில் கதவுப் பூட்டு வாங்குகிறவர்கள், “இத யாரு மாட்டித் தருவா?” என்று கேட்பார்கள். ஒருநாள் அண்ணன், “நான் வாரேன்” என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு கூடவே போய்விட்டார்கள். தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது.

அண்ணன் பார்த்தது தொங்குகிற பூட்டு இல்லை. கதவைக் குடைந்து உள்ளே புதைக்கிற பூட்டும் இல்லை. கதவின் உள்பக்கம் பலகையின் மேலேயே ஒரு இரும்புப் பெட்டியை வைத்துத் திருகாணியில் முறுக்குவார்களே, அந்தப் பூட்டு. பெட்டியிலிருந்து ஒரு நாக்கு நீட்டிக்கொண்டு இருக்கும். எதிரே நிலைக்காலில், அந்த நாக்கு போய் உட்கார ஒரு சின்ன இரும்புக் கூடு. கடையில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார்கள். அண்ணன் அதை ‘வீடு’ என்பார்கள். நாக்கு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால் கதவு அடையும். உட்காரவில்லை என்றால் எவ்வளவு நல்ல பூட்டாக இருந்தாலும் கதவு அடையாது.

எங்கள் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையைக் குடித்தால் உப்பும். வெயிலில் சுருங்கும். அஸ்திவாரம் ஆழம் இல்லாத வீடுகளில் நிலையும் அதோடு சேர்ந்து ஏறும், இறங்கும். நேற்றுவரை ஒழுங்காக அடைந்த கதவு, ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பிடித்தால் அடையாது. பலபேர் பூட்டுதான் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள். சிலபேர் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவை இழைப்பார்கள். பங்குனி வெயிலில் மண் சுருங்கியதும் அதே கதவில் எலி போகிற சந்து விழும். அண்ணன் பூட்டையும் தொட மாட்டார்கள், கதவையும் தொட மாட்டார்கள். குனிந்து நாக்கைப் பார்ப்பார்கள். “பூட்டு நல்லாத்தான் இருக்கு. வீடு தள்ளிப் போச்சு” என்பார்கள்.

அதற்காகவே, மாட்டும்போதே அந்த வீட்டின் திருகாணித் துளையை அரத்தால் ராவி மேலும் கீழும் நீளமாக்கி வைப்பார்கள். திருகாணியைக் கொஞ்சம் இளக்கி, வீட்டை ஏற்றியோ இறக்கியோ திரும்ப முறுக்கினால் போதும். அதனால் மழை நாளில் ஒரு தடவை, வெயில் நாளில் ஒரு தடவை எங்கள் தெருவுக்கு ஆள் வந்துவிடும். வாசலில் நின்று, “அண்ணாச்சி, எங்க வீடு தள்ளிப் போச்சு!” என்று கூப்பிடுவார்கள். எங்கள் எதிர்த்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருநாள் அதைக் கேட்டு மாவுக் கையோடு ஓடிவந்து, “யாரு வீடு இடிஞ்சிருச்சு? பிள்ளைங்க எல்லாம் வெளிய வந்துருச்சா?” என்று கேட்டார்கள். அண்ணன் மனைவி, என் மதினி, சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.

பூட்டுக்கு அண்ணன் எண்ணெய் விட மாட்டார்கள். நம் ஊர்ப் புழுதி எண்ணெயில் ஒட்டிக் களியாகிவிடும் என்பார்கள். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கறுப்புத் தூளை ஊதிவிடுவார்கள். மருமகன் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அவன் பெட்டியில் ஒரு பென்சிலுக்குக்கூட முனை இருக்காது.

இன்னொரு வழக்கம் உண்டு. அதை எழுதத்தான் நான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் அண்ணன் சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். வீட்டுக்காரர் உள்ளே நின்று கதவைச் சாத்த வேண்டும். அண்ணன் வெளியே நின்று ஒரு தடவை கையால் தள்ளிப் பார்ப்பார்கள். திறக்கவில்லை என்றால், சாத்தின கதவைப் பார்த்து, “வாரேன்” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துவிடுவார்கள். கூலி, காப்பி எல்லாம் அதற்கு முன்னாலேயே. அந்தக் கதவு அவர்களுக்காகத் திரும்பத் திறக்கக் கூடாது. “பூட்டு மாட்டுனவன் வெளியதான் நிக்கணும். உள்ள இருக்கவங்களுக்கு அப்பத்தான் தூக்கம் வரும்” என்பார்கள். கோவில்பட்டியில் பலபேருக்கு அண்ணனின் முகம் மறந்திருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த அந்த “வாரேன்” மறந்திருக்காது. கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள்.

என்னைப் புதியம்புத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் தையல் மிஷின் ஓட்டினார்கள். நல்ல மனிதர். மஞ்சள் காமாலை கண்டு சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் அண்ணன் கூப்பிட வந்தார்கள். மாமனார் வீட்டில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்து, என்னை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எழுந்து போய், அந்த வீட்டு வாசல் கதவில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளைக் கழற்றி முறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்குக் கோபம். “என்னப்பா, தங்கச்சி வாழ்க்கையப் பத்திப் பேசுதோம், நீ தாப்பாவ நோண்டுத?” என்றார்கள். அண்ணன், “சத்தம் தாங்க முடியலம்மா. ஏட்டி, ஒன் துணிமணிய எடுத்துக்க, பஸ்சுக்கு நேரமாச்சு” என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தாழ்ப்பாள் பிறகு ஆடவே இல்லை என்று வெகுநாள் கழித்து என் நாத்தனார் சொன்னார்கள்.

மதினி என்னை ஒருநாளும் பாரமாக நினைக்கவில்லை. கேலிதான் பேசுவார்கள். “ஊர்ல உள்ள நாக்கையெல்லாம் பென்சில் தூள் போட்டு ஆட வச்சிட்டாவ ஒங்க அண்ணன். ஒன் நாக்க மட்டும் அவியளால ஆட வைக்க முடியலயே ஏட்டி!” என்பார்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே, “அது வீட்டுக்குள்ள ஒழுங்கா உக்காந்திருக்கு. அதையும் நீ தள்ளிவிட்டுராத” என்பார்கள். அந்தப் பேச்சு எல்லாம் மதினியோடு போய்விட்டது. மருமகனுக்கு ஓசூரில் வேலை. மதினிக்குப் பிறகு வீட்டில் நானும் அண்ணனும்தான். அண்ணன் காலையில் போனால் பொழுதடையத்தான் வருவார்கள். பகல் முழுக்க நான் வீட்டில் யாரோடும் பேச மாட்டேன். பால்காரரிடம்கூடப் பாத்திரத்தைத்தான் நீட்டுவேன். சாயந்திரம் எங்கள் கதவின் பிடியை யாரோ திருகுவது கேட்கும், கதவு திறக்கும், பிறகு சாத்தும்போது நாக்கு வீட்டுக்குள் ‘டொக்’ என்று விழும். நான் எழுந்து சொம்பில் தண்ணீர் எடுப்பேன். பேச ஆள் வந்துவிட்டது என்பதற்கு எனக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம்.

ஒரு கோடைக்கு மருமகன் என்னை ஓசூருக்குக் கூட்டிப் போனான். நாலாவது மாடி. அவனும் மருமகளும் வேலைக்குப் போன நேரம், வாசலில் ஏதோ சத்தம் கேட்டது என்று வெளியே எட்டிப் பார்த்தேன். காற்றில் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அது தானே பூட்டிக்கொள்கிற பூட்டு, வெளியே பிடி கிடையாது, சாவி உள்ளே. சுற்றி எல்லாக் கதவும் ஒன்று போலவே இருந்தது. எதையாவது தட்டியிருக்கலாம். தட்டினால் ஆள் வரும், வந்தால் பேச வேண்டும். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சாயந்திரம் அவர்கள் வந்து பார்த்துப் பதறிப் போனார்கள். “பக்கத்து வீட்டத் தட்டியிருக்கலாம்லா அத்தை?” என்று மருமகள் அழுதாள். தங்கமான பிள்ளை. ஊருக்கு வந்து சொன்னபோது அண்ணன் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எங்கள் கதவின் பிடியை வெளியே நின்று ஒரு தடவை திருகிப் பார்த்தார்கள். “இது ரெண்டு பக்கமும் தொறக்கும்” என்று மட்டும் சொன்னார்கள்.

போன வருசம் ஆவணியில் அண்ணனுக்குக் கால் வீங்கியது. மூச்சு இரைப்பும் திரும்ப வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். டாக்டர்களும் நர்சுகளும் நன்றாகத்தான் கவனித்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம். கட்டிலை வாசல் கதவு தெரிகிற மாதிரி போடச் சொன்னார்கள். காற்று வரட்டும் என்று நான் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். “கதவு சாத்தியிருக்கா?” என்று கேட்பார்கள்.

“ஒருக்களிச்சு வச்சிருக்கேன் அண்ணே. காத்து வரட்டும்.”

“சாத்து. யாரு வந்தாலும் சத்தம் கேக்கட்டும்.”

வந்தவர்கள் கதவைச் சாத்துகிற சத்தத்தை வைத்தே, “அவன் கோவமா வந்திருக்கான், தண்ணி குடு” என்று சொல்வார்கள். ஒரு மத்தியானம் நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். கதவுப் பக்கம் பார்த்தபடியே படுத்திருந்தார்கள். கஞ்சியை எடுத்துப் போய் அண்ணே என்று கூப்பிட்டேன். கண் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நம் வழக்கப்படி பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை வாசல் கதவைச் சாத்தவில்லை. விளக்கு எரிந்தது. சொந்தம் வந்தது, போனது. எல்லாரும் போன பிறகு மருமகன், “அத்தை, எங்ககூட வந்துருங்க. வீட்டப் பூட்டிப் போடுவோம்” என்றான். நான் கார்த்திகை முடியட்டும் என்று சொன்னேன். எனக்கு வர இஷ்டம் இல்லை என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். அவனும் வற்புறுத்தாமல் ஊருக்குப் போனான். அன்றைக்குத்தான் நான் அந்தக் கதவைச் சாத்தினேன். ‘டொக்’ என்று விழுந்தது. திறந்து இன்னொரு தடவை சாத்தினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நல்ல மழை. ஒருநாள் காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினால், அது ‘கிரீச்’ என்று உரசிவிட்டுத் திரும்பி வந்தது. நாக்கு வீட்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் வீடும் தள்ளிப் போய்விட்டது.

அம்மிக் குழவியை உருட்டிக் கதவுக்கு அண்டை கொடுத்தேன். காற்று தள்ளினால் குழவியும் சேர்ந்து நகரும். அதே நாட்களில்தான் ஊரில் மற்ற வீடுகளும் தள்ளிப் போயின. வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்று, “அண்ணாச்சி!” என்று கூப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, “அவிய இல்ல” என்பேன்.

நான் உள்ளதைத்தான் சொன்னேன். அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. “எப்ப வருவாவ ஆச்சி?” என்று கேட்டார்கள். நான் குழவியைக் காலால் கதவோடு நெருக்கி வைப்பேன். “சரி, வந்தா வரச் சொல்லுங்க” என்று போய்விடுவார்கள். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் மட்டும் மழைக்குச் சட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் வாசலிலேயே காத்திருந்தார். வாயைத் திறந்து சொல்லிவிடலாம் என்று பலதடவை நினைத்தேன். சொல்லவில்லை. யாராவது வந்து ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவது நின்றுவிட்டால் அப்புறம் அந்த வீட்டில் என்ன சத்தம் இருக்கிறது?

கதவு அடையவில்லை என்பது மருமகன் காதுக்குப் போனது. எதிர்த்த வீட்டு அம்மாதான் சொல்லியிருப்பார்கள். நல்லதுக்குத்தான். அவன் போனிலேயே ஒரு ஆசாரியை ஏற்பாடு செய்துவிட்டான். அவர் இழைப்புளியோடு வந்து கதவைத் தடவிப் பார்த்தார்.

“தண்ணியில ஊறியிருக்கு ஆச்சி. அடியில ரெண்டு இழ இழைச்சா சும்மா பம்பரம் மாதிரி சுத்தும்.”

“வேண்டாம்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“காசு ஒங்க மருமகன் குடுத்துட்டாருல்லா. நீங்க சும்மா நின்னா போதும்.”

“வேண்டாம்யா. கதவுல ஒண்ணும் இல்ல. வீடுதான் தள்ளிப் போச்சு.”

அவர் என்னையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். “வீட்ட இழைக்க எங்கிட்ட உளி இல்லயே ஆச்சி” என்று சிரித்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “நானும் அண்ணாச்சிய அறிவேன். சரி, அவிய வீட்டுக் கதவு. நான் கை வைக்கல” என்று போய்விட்டார். போய் மருமகனிடம் சொல்லிவிட்டார் போல. சாயந்திரமே போன் வந்தது.

“அத்தை, கதவு அடையாத வீட்டுல ஒத்தையில எப்படி இருப்பிய? எனக்கு இங்கன தூக்கம் வரல. ஞாயித்துக்கிழம வாரேன். கதவு அடைஞ்சா இருங்க. அடையலன்னா கெளம்பிரணும், சொல்லிட்டேன்.”

அவன் பேச்சில் தப்பு இல்லை. எனக்கு அந்த நாலாவது மாடிப்படி ஞாபகம் வந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. அண்ணனின் பை ஆணியிலேயே தொங்கியது. அதை யாரும் எடுக்கவில்லை. திருப்புளியை எடுத்தேன். அதன் மரப்பிடியில் அண்ணனின் கட்டைவிரல் இடம் குழிந்து கிடந்தது. என் விரல் அதில் பாதிதான் நிறைந்தது. திருகாணி இறுகிப் போயிருந்தது. இரண்டு கையாலும் அழுத்தித் திருகினேன், இளகிக் கொடுத்தது. வீட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி முறுக்கிச் சாத்தினால் முன்னைவிட மோசமாக முட்டியது. அப்புறம்தான் யோசித்தேன். மண் உப்பி நிலைக்கால் மேலே போயிருக்கிறது, வீடும் அதோடு சேர்ந்து மேலே போயிருக்கும், நான் இன்னும் மேலே தூக்கினால்? திரும்ப இளக்கிக் கீழே இறக்கினேன். முறுக்கினேன். சாத்தினேன்.

‘டொக்.’

நான் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொம்பை எடுக்கப் போய்விட்டேன். பானையில் தண்ணீர் மோந்த பிறகுதான் நினைவு வந்தது. அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

அடைந்துவிட்டது. ஆனால் சரியாக அடைந்ததா என்று யார் சொல்வது? உள்ளே ஒரு ஆள், வெளியே ஒரு ஆள் வேண்டும். நான் ஒருத்தி. உள்ளே நின்று இழுத்துப் பார்த்தேன். வெளியே போய்த் தள்ளிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. எதிர்த்த வீட்டு அம்மாவைக் கூப்பிடலாம் என்று வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் அந்த ஸ்கூட்டர்க்காரர் மறுபடி வந்தார்.

“ஆச்சி, அண்ணாச்சி வந்துட்டாவளா? அன்னைக்கே சொல்லிட்டுப் போனம்லா?”

“அவிய இல்லய்யா.”

“அன்னைக்கும் இதத்தான சொன்னிய! எப்பதான் இருப்பாவ? நாங்க அரிசி மூட்டைய வச்சுல்லா கதவ அடைக்கோம். எம் பொண்டாட்டி, பூட்டு வாங்கினியளா மூட்ட வாங்கினியளான்னு கேக்கா.”

நான் கதவைத் திறந்து படிக்கு வந்தேன். பகலில், அறிமுகம் இல்லாத ஒருவர் முன்னால் நான் அப்படி வந்து நின்றதாக நினைவில்லை.

“புரட்டாசியில தவறிட்டாவ” என்றேன்.

அவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். “நாலு தெரு தள்ளித்தான இருக்கேன். ஒருத்தரும் சொல்லலயே ஆச்சி. நான் பாட்டுக்கு வந்து வந்து கூப்பிட்டுட்டுக் கெடந்திருக்கேனே” என்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். மாலை போட்ட படம் தெரிந்திருக்கும். “நீங்க ஒத்தையிலயா இருக்கிய?”

“எனக்கு ஒரு ஒத்தாச செய்யணும்” என்றேன். “நான் உள்ள நின்னு சாத்துதேன். நீங்க வெளிய நின்னு ஒருக்கத் தள்ளிப் பாக்கணும்.”

அவருக்கு உடனே புரிந்தது. அவர் வீட்டிலும் அண்ணன் அப்படித்தானே செய்திருப்பார்கள். “சாத்துங்க” என்றார். சாத்துவதற்கு முன்னால், அவர் வீட்டிலும் திருகாணியை இளக்கி, நிலைக்காலில் இருக்கிற அந்தக் கூட்டைக் கீழே இறக்கச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கதவைச் சாத்தினேன். ‘டொக்’ என்று விழுந்தது. சாவியைத் திருப்பினேன். வெளியே இருந்து கை வைத்துத் தள்ளினார். கதவு அசையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. அசையவில்லை. படியை விட்டு இறங்குகிற செருப்புச் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

“ஆச்சி, வாரேன்” என்றார். கடைசி எழுத்தை இழுத்துச் சொன்னார்.

பிறகு வண்டி கிளம்பியது. நான் கதவில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன். ஊர் முழுக்க எத்தனையோ வீட்டில் உள்ளே நின்றவர்கள் கேட்ட அந்த வார்த்தையை, அண்ணன் வீட்டில் இருந்த நான் அதுவரை கேட்டதே இல்லை. எங்கள் வீட்டுக்கு அவர்கள் வருகிற சத்தம்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தான். கதவைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான். “யாரு வந்து சரி பண்ணினா?” என்று கேட்டான். “நாந்தான்” என்றேன். அவன் நிலைக்காலில் இருந்த அந்தச் சின்ன வீட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம், “சரி அத்தை, இருங்க. போன் அடிச்சா மட்டும் எடுங்க” என்றான். பங்குனியில் மண் சுருங்கியபோதும் நானே ஏற்றி வைத்தேன். அதற்கும் வெளியே நின்று தள்ள ஆள் வேண்டியிருந்தது. எதிர்த்த வீட்டு அம்மாவை நானே போய்க் கூப்பிட்டேன்.

அண்ணனுக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த சொந்தங்களுக்கும், கடைசி நாட்களில் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்த தெருப் பிள்ளைகளுக்கும், மதினியின் தம்பி குடும்பத்தாருக்கும், சோறு சமைக்க விடாமல் தூக்குவாளி தூக்குவாளியாகக் கொண்டுவந்து வைத்த எதிர்த்த வீட்டு அம்மாவுக்கும், வேலை கேட்டு வந்து வெறும் கையோடு திரும்பிய அத்தனை பேருக்கும், பெயர் கேட்காமல் நான் அனுப்பிவிட்ட அந்த ஸ்கூட்டர்க்காரருக்கும் என் கும்பிடு. பூட்டு வேலைக்கு இப்போது பஜாரில் வேறு ஒரு தம்பி இருக்கிறார். நன்றாகச் செய்கிறார் என்று கேள்வி.

இந்த வருச நினைவு நாளுக்கு எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். தட்ட வேண்டாம், பிடியைத் திருகினால் திறக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போகும்போது கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று ஒரு தடவை “வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் உள்ளே கதவுப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
அண்ணனின் தங்கை